அருகிய இனமும் அறப்பொறுப்பும்: ஓக்லாந்துத் தீவுப் பன்றியை முன்வைத்து ஒரு சிந்தனை

ஏனைய உயிர்களிடத்து மனிதனுக்குள்ள கடப்பாடு யாது என்னும் வினா ஒழுக்கவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். தமிழ் அறநூலார் கொல்லாமையையும் புலான்மறுத்தலையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்து அவ்வினாவுக்கு விடை பகர்ந்தனர். மேனாட்டு மெய்யியலாளரும் தத்தம் நெறிக்கேற்ப விடை கண்டனர். ஆயின் பழைய நூலோர் எதிர்நோக்காத ஒரு சிக்கல் அண்மைக் காலத்தில் எழுந்துள்ளது. ஓர் உயிரினம் ஓரிடத்தில் வேரோடு களையப்படவேண்டிய கேடாகவும், மற்றோரிடத்தில் பேணிக் காக்கப்படவேண்டிய அருஞ்செல்வமாகவும், ஒரே காலத்தில் ஒரே சமுதாயத்தினால் மதிக்கப்படுகின்றது. அவ்வாறாயின் அவ்வுயிரின் மதிப்பு அதனுள்ளே இருப்பதா, அது வாழும் இடத்தைப் பொறுத்ததா, அன்றி அதனை நோக்கும் மனிதனின் தேவையைப் பொறுத்ததா?

இவ்வினா வெறும் கற்பனையில் எழுந்ததன்று. நியூசிலாந்திற்குத் தெற்கே, குளிர்ந்த பெருங்கடலின் நடுவே கிடக்கும் ஓக்லாந்துத் தீவின் பன்றிகள் இதனை மிகக் கூர்மையாக எழுப்புகின்றன. அப்பன்றியின் வரலாற்றை முதற்கண் எடுத்துரைத்து, அதன்வழி எழும் அறச்சிக்கலை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவும் பன்றியும்

நியூசிலாந்தின் தென்கோடித் துறைமுகமாகிய பிளஃபிலிருந்து தெற்கே ஏறத்தாழ 465 கிலோமீற்றர் தொலைவில் ஓக்லாந்துத் தீவுக் கூட்டம் அமைந்துள்ளது. அதன் தலைமைத் தீவு ஏறத்தாழ 46,000 ஹெக்டயர் பரப்புடையது. இடையறாத மேல்காற்றும் மழையும் குளிரும் அதன் இயல்பு. இயற்கையாக நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அங்கு இருந்ததில்லை. கடற்சிங்கமும் கடற்பறவையும், பெரிய இலைகளையும் வண்ணப் பூக்களையும் தாங்கிய பெரும்பூண்டுகளுமே அத்தீவின் பழங்குடிகள்.

1806 ஆம் ஆண்டில் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றின் தலைவராகிய ஏபிரகாம் பிறிஸ்ரோ இத்தீவுகளைக் கண்டார். அடுத்த ஆண்டு, அதாவது 1807 இல், மீண்டும் வந்த அவர் அங்கே பன்றிகளை விட்டுச் சென்றார். 1840 களில் வந்த கப்பல்களும், 1849 முதல் 1852 வரை அங்கே குடியேறித் தோல்வியுற்ற ஆங்கிலக் குடியேற்றத்தாரும் மேலும் விலங்குகளைக் கொணர்ந்தனர். இச்செயல்களின் நோக்கம் தெளிவானது. அக்கடல் கொடியது, கப்பல்கள் அங்கு உடைவது வழக்கம். உடைந்த கப்பலிலிருந்து உயிர் தப்பிக் கரையேறுவோர் உண்ண ஏதேனும் இருக்கவேண்டும் என்பதே மாலுமிகளின் கருத்து. வழிப்போக்கனுக்குச் சுமைதாங்கியும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்தவரின் உள்ளத்துக்கு இது முற்றிலும் அயலானதன்று. தனக்கு அறிமுகமில்லாத, இன்னும் பிறவாத ஒரு துன்பத்தானுக்காக விடப்பட்ட உணவு அது.

அந்நோக்கம் வீண்போகவுமில்லை. 1864 இல் 'கிராஃப்ற்றன்', 'இன்வர்கோல்ட்' என்னும் இரு கப்பல்கள் அத்தீவில் உடைந்தன. முதற் கப்பலின் ஐவரும் ஒன்றரை ஆண்டுக்கு மேலாக அங்கே உயிர்வாழ்ந்து மீண்டனர். மற்றையதிலிருந்து கரையேறிய பத்தொன்பதின்மருள் மூவரே மிஞ்சினர். 1866 இல் 'ஜெனரல் கிராண்ட்' உடைந்தபோது தப்பியோர் கடற்சிங்கத்தையும் காட்டுப் பன்றிகளையும் வேட்டையாடிப் பதினெட்டு மாதம் தாக்குப்பிடித்தனர். பன்றி அவர்களுக்கு உயிர்ப்பிச்சை அளித்தது என்று கூறின் அது மிகையாகாது.

ஆயின் விடப்பட்ட உயிர் விட்டவனின் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. கப்பற்காலம் மாறிற்று, தீவுக்கு வருவோர் அருகினர், பன்றிகளோ பல்கின. தொழுவத்தில் கொழுக்க வளர்க்கப்பட்ட விலங்கின் வழித்தோன்றல்கள், குளிரிலும் பஞ்சத்திலும் தலைமுறை தலைமுறையாக இயற்கைத் தேர்வுக்கு உட்பட்டுச் சிறிய, ஒடுங்கிய, நீண்ட நேரிய மூக்குடைய, விரைந்தோடும் பன்றிகளாயின. மனிதன் தேர்ந்து வளர்த்த இனமன்று இது. எனினும் மனிதன் கொணராவிடில் தோன்றியிராத இனம். இயற்கையும் மனிதனும் சேர்ந்து எழுதிய ஏடு அது. இவ்விரு தன்மையும் ஒருங்கே அதற்கு உண்டு என்பது பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

தீவின் வழக்கு

தலைமைத் தீவின் தெற்கே ஒடுங்கிய கார்ன்லித் துறையினால் பிரிக்கப்பட்டு அடம்ஸ் தீவு உள்ளது. பன்றி அங்கு நிலைகொள்ளவில்லை. ஒரே மண், ஒரே மழை, ஒரே காற்று. இருப்பினும் இரு தீவுகளையும் ஒப்புநோக்குவோர்க்கு வேற்றுமை கண்கூடு. அடம்ஸ் தீவில் பெரும்பூண்டுகள் நிலமெங்கும் செறிந்து பூக்கின்றன. கிப்சன் அல்பட்ரோசு என்னும் பெரும் கடற்பறவை பெரும்பாலும் அங்கேயே கூடமைக்கின்றது. தலைமைத் தீவிலோ பன்றி கிளறி உண்டமையால் அப்பூண்டுகள் பன்றி எட்டாத பாறை விளிம்புகளில் ஒதுங்கியுள்ளன. நிலத்தில் கூடமைக்கும் பறவைகளின் முட்டையும் குஞ்சும் அதற்கு இரையாகின்றன. 1840 இல் யேம்ஸ் கிளாக் றொஸ் தலைமையிலான பயணக் குழுவுடன் வந்த தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கர் இத்தீவுகளின் தாவரங்களை ஆராய்ந்து பதிவுசெய்தார். அப்பதிவை நோக்குவோர்க்குத் தலைமைத் தீவின் இழப்பு எத்தகையது என்பது புலனாகும்.

பறவைகளின் நிலை ஈண்டு நுணுகி நோக்கற்பாலது. நிலத்தில் ஊனுண்ணும் பாலூட்டியொன்று உண்டு என்பதை அறியாமலே கூர்ப்படைந்த பறவை, தன் குஞ்சை வெறுந்தரையில் விட்டுவிட்டுக் கடலுக்கு இரைதேடச் செல்கின்றது. அப்பறவை செய்த பிழை எதுவுமில்லை. பன்றி செய்த பிழையும் எதுவுமில்லை. பசித்த உயிர் கண்டதை உண்கிறது. இருதரப்பிலும் குற்றவாளி இல்லாத ஒரு வழக்கு இது. இவ்வழக்கில் தீர்ப்புக் கூறவேண்டிய நிலையில் மனிதன் உள்ளான். அவனோ நடுவன் அல்லன், வழக்கைத் தோற்றுவித்தவன்.

இத்தீவுகளை உள்ளடக்கிய நியூசிலாந்தின் தென்கடல் தீவுகள் 1998 இல் உலக மரபுரிமையிடமாக அறிவிக்கப்பட்டன. தலைமைத் தீவிலுள்ள பன்றி, பூனை, சுண்டெலி ஆகிய மூன்றையும் முற்றாக அகற்றுவதற்கான திட்டமொன்றை அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களம் வகுத்துள்ளது. அகற்றல் என்னும் மென்சொல்லின் பொருள் பெரும்பாலும் கொல்லல் என்பதே.

பதினேழு பன்றிகள்

இத்தீவுகளில் விலங்குகளை அகற்றும் பணி பன்றியோடு தொடங்கியதன்று. அண்மையிலுள்ள எண்டர்பித் தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விடப்பட்ட மாடுகள் நூறாண்டுகள் தாமாகவே பெருகி வாழ்ந்தன. 1990 களின் தொடக்கத்தில் அவை சுட்டுக் கொல்லப்பட்டன. ஒரேயொரு பசு மட்டும் எஞ்சியது. அது 1993 இல் தலைநிலத்திற்குக் கொண்டுவரப்பட்டது. தன் இனத்தில் வேறெவரும் இல்லாத அப்பசுவின் கலத்திலிருந்து 1998 இல் அதன் படியாகிய ஒரு கன்று தோற்றுவிக்கப்பட்டது. அதே தீவின் முயல்களுள் 49 மட்டும் 1992 இல் மீட்கப்பட்டன. தலைமைத் தீவின் ஆடுகளும் 1980 களில் சில தலைநிலத்திற்குக் கொணரப்பட்டன. ஆயினும் அங்கு அவ்வினம் நிலைக்காது அழிந்தது. மீட்பது ஒன்று, பேணுவது மற்றொன்று என்பதற்கு அவ்வாடுகளே சான்று.

இவ்வனுபவங்களின் பின்னணியில், 1999 இல் நியூசிலாந்தின் அருகிய இனங்கள் பாதுகாப்புச் சங்கத்தார் ஓக்லாந்துத் தீவுக்குச் சென்று பதினேழு பன்றிகளைப் பிடித்துத் தென்கோடி நகராகிய இன்வர்கார்கிலுக்குக் கொண்டுவந்தனர். நோய் பரவாதிருக்க அவை தனிமைப்படுத்தி வைக்கப்பட்டன. ஒரு தீவில் கேடெனக் கருதப்பட்டது, ஒரு கடலைக் கடந்ததும் அரும்பொருளாயிற்று. விலங்கில் எம்மாற்றமும் நிகழவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

பின்னர் நிகழ்ந்தது அச்சங்கத்தாரும் எதிர்பாராதது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஏனைய பன்றிகளின் தொடர்பின்றி வாழ்ந்தமையால், தொழுவப் பன்றிகளிற் பொதுவாகக் காணப்படும் பல வைரசுக்கள் இவற்றில் இல்லை எனச் சோதனைகள் காட்டின. பன்றியின் உறுப்பையோ கலத்தையோ மனிதனுக்குப் பொருத்துவதில் உள்ள பேரச்சங்களுள் ஒன்று, பன்றியின் வைரசு மனிதனுக்குத் தொற்றுவதாகும். ஆகவே ஓக்லாந்துத் தீவுப் பன்றி மருத்துவ ஆய்வாளரின் கண்ணிற் பட்டது. இன்சுலின் சுரக்கும் ஆற்றலை இழந்த நீரிழிவு நோயாளருக்கு, இளம் பன்றிக்குட்டிகளின் சதையியிலிருந்து எடுக்கப்பட்ட இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பொருத்தும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. கடற்பாசியிலிருந்து பெறப்படும் அல்கினேற்று என்னும் பொருளாலான நுண்ணுறைகளுள் அக்கலங்கள் இடப்பட்டன. குளுக்கோசும் இன்சுலினும் அவ்வுறையினூடே சென்றுவரும். நோயாளியின் நிர்ப்பீடனக் கலங்களோ உட்புகமாட்டா. 2007 இல் ரஷ்யாவிலும் 2009 இல் நியூசிலாந்திலும் மனிதரிடத்துச் சோதனைகள் தொடங்கப்பட்டன. அது இன்னும் பொது மருத்துவமாக நிலைபெறவில்லை எனினும், அப்பன்றியின் மதிப்பு அதனால் மேலும் உயர்ந்தது.

இத்தகைய கதை உலகில் இது ஒன்றேயன்று. அமெரிக்காவின் யோர்ஜியா மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள ஒசபோ தீவிலும் நெடுங்காலம் தனித்து வாழ்ந்த பன்றியினம் ஒன்றுண்டு. ஸ்பானியர் விட்டுச்சென்றவற்றின் வழித்தோன்றல் அது என்பது மரபுவழிச் செய்தி. கருவாலி விதைகள் உதிரும் பருவத்தில் பெருமளவு கொழுப்பைச் சேமித்து, உணவற்ற பருவத்தை அதனாற் கடக்கும் இயல்பு அதற்கு அமைந்துள்ளது. அதே இயல்பினால், தீவுக்கு வெளியே வயிறார உண்ணும்போது நீரிழிவை ஒத்த நோய்நிலையை அது அடைகின்றது. ஆகவே ஆய்வுகூடங்கள் அதனை நாடுகின்றன. தீவிலோ, கடலாமைகள் கரையிலிடும் முட்டைகளை அது அகழ்ந்து தின்பதால் வேட்டையாடப்படுகின்றது. ஒரு தீவின் பன்றி நீரிழிவுக்கு மருந்து தர வேண்டப்படுகின்றது. மற்றத் தீவின் பன்றி அந்நோயைத் தானே தாங்கிக் காட்ட வேண்டப்படுகின்றது. இரண்டும் தத்தம் தீவில் வேண்டப்படாதவை.

மூன்று நெறிகள்

இனி, இச்சிக்கலுக்கு மெய்யியலாளர் கூறக்கூடிய விடைகளை ஆராயலாம். அவற்றை மூன்று நெறிகளாக வகுத்தல் பொருந்தும்.

முதலாவது தனியுயிர் நெறி. விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பன அல்ல, துன்புறுமா என்பதே வினா என 1789 இல் பெந்தம் கூறினார். அவ்வழியில் 1975 இல் பீற்றர் சிங்கரும், உரிமை என்னும் அடிப்படையில் 1983 இல் ரொம் றீகனும் தனி விலங்கின் சார்பில் வாதிட்டனர். இந்நெறிப்படி சுடப்படும் ஒவ்வொரு பன்றியும் ஒரு தனி வழக்கு. அது அருகிய இனமா, மலிந்த இனமா என்பது கணக்கில் வாராது. குண்டுபட்ட பன்றியின் நோவு இனத்தின் தொகையைப் பொறுத்துக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இந்நெறியின் வலிமை ஐயத்துக்கிடமற்றது. ஆயின் தீவின் கரையில் நின்று நோக்கின் அதன் இடர்ப்பாடும் தெளிவாகும். பன்றியைக் கொல்லாது விடுதல் யாரையும் கொல்லாதிருத்தல் ஆகாது. கூட்டிலிருந்து இழுத்துண்ணப்படும் குஞ்சும் நோவறியும் உயிரே. அன்றியும், பூண்டுக்கு நோவில்லை. ஆகவே ஒரு பூண்டினம் முழுவதும் அழிவதில் யாதொரு தீங்கும் இல்லை என்று இந்நெறி கூறவேண்டிவரும். அம்முடிவை ஏற்றல் அரிது.

இரண்டாவது கூட்டு நெறி. 1949 இல் வெளிவந்த அல்டோ லியோபோல்டின் நூல் நிலத்தையும் நீரையும் தாவரத்தையும் விலங்கையும் ஒரே சமுதாயமாகக் கருதி, அச்சமுதாயத்தின் ஒழுங்கைக் காப்பதே அறம் என உணர்த்திற்று. இந்நெறிப்படி தீவின் முழுமையே முதன்மையானது. அதனைக் குலைக்கும் பன்றி அகற்றப்படவேண்டியது. தீவின் வழக்கை இந்நெறி நன்கு எடுத்துரைக்கின்றது. ஆயினும் தனியுயிரின் துன்பத்தை முழுமையின் பொருட்டு ஒதுக்கிவிடும் போக்கு இதிலுண்டு எனப் றீகன் வன்மையாகக் கண்டித்தமை கவனிக்கத்தக்கது. முழுமையின் பெயரால் எதையும் செய்யலாம் என்னும் வாதம் மனிதரிடத்துப் பிரயோகிக்கப்பட்டபோது விளைந்த கொடுமைகளை வரலாறு அறியும். விலங்கிடத்தும் அவ்வாதம் எச்சரிக்கையோடு கையாளப்படவேண்டியதே.

மூன்றாவது மனிதப்பயன் நெறி. விலங்கிடத்து மனிதனுக்கு நேரடிக் கடமையில்லை. அதனைக் கொடுமைப்படுத்துவோன் மனிதரிடத்தும் கொடியவனாவான் என்பதனாலேயே இரக்கம் வேண்டும் எனக் கான்ற் கருதினார். இந்நெறி வழிநிற்போர், பன்றி கப்பலுடைந்தோர்க்கு உணவாக இருந்தபோது நன்று, பறவையை அழிக்கும்போது தீது, நீரிழிவுக்கு உதவும்போது மீண்டும் நன்று என்பர். நடைமுறையில் இப்பன்றியின் விதியை நிர்ணயித்து வந்தது பெரும்பாலும் இந்நெறியே. ஆனால் இதன்படி பன்றிக்கு நிலையான மதிப்பெதுவும் இல்லை; சந்தைச் சரக்கின் விலைபோல அது ஏறியிறங்கும். நாளை வேறொரு மருந்து கண்டுபிடிக்கப்படின், காக்கப்பட்ட பன்றி மீண்டும் கேட்பாரற்றதாகும்.

அருமையும் பயனும்

இம்மூன்று நெறிகளுக்கும் புறம்பாக, மக்களின் உள்ளத்தை உண்மையில் அசைப்பது வேறொன்று. அதுதான் அருமை. பதினேழு என்னும் எண்ணே இரக்கத்தைத் தூண்டுகிறது. கடைசிப் பசு என்றதும் உள்ளம் உருகுகிறது. அதனோடு சுடப்பட்ட மாடுகளுக்காக உருகாத உள்ளமும் எஞ்சிய ஒன்றுக்காக உருகும். இது அறவுணர்ச்சியா, அன்றி அரும்பொருள் சேர்ப்போனின் ஆசையா?

இவ்விடத்து ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். இனம் என்பது வேறு, உயிர் என்பது வேறு. இனம் நோவதில்லை, அது பசிப்பதுமில்லை, அஞ்சுவதுமில்லை. நோவதும் பசிப்பதும் அஞ்சுவதும் இந்தப் பன்றி, அந்தப் பன்றி என்னும் தனியுயிர்களே. மறுதலையாக, ஓருயிரின் இறப்பு இயற்கை. ஆனால் ஓரினத்தின் அழிவு மீளாத இழப்பு. இருநூறு ஆண்டுக் குளிரும் பஞ்சமும் செதுக்கியதை எவராலும் மீண்டும் செதுக்க இயலாது. ஆகவே உயிரைத் துன்புறுத்துதல் ஒருவகைத் தீங்கு. இனத்தை இழத்தல் மற்றொருவகைத் தீங்கு. ஒன்றைத் தவிர்த்தமை மற்றையதற்கு ஈடாகாது. பதினேழைக் காத்தமையால் ஏனையவற்றைக் கொல்லும் செயல் நோவற்றதாகிவிடாது. கன்றொன்றைப் படியெடுத்துத் தோற்றுவித்தமையால், கூட்டத்தை இழந்து நின்ற பசுவின் தனிமை நீங்கியதாகாது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், பாண்டியனின் வேட்டையில் தாயும் தந்தையும் மாண்டுபோகப் பசியால் வருந்திய பன்னிரு பன்றிக்குட்டிகளுக்கு இறைவன் தாய்ப்பன்றி வடிவெடுத்துப் பாலூட்டியதாக ஒரு படலம் உண்டு. அப்படலத்தின் சமயப்பொருள் எவ்வாறாயினும், அதன் அறப்பொருள் ஈண்டு பொருந்துவது. அக்குட்டிகள் அருகிய இனமா என்னும் வினா அங்கு எழவில்லை. அவை பசித்திருந்தன, அது போதியதாயிற்று. அருளின் கண்ணுக்கு எண்ணிக்கை புலனாவதில்லை. எனவே அருமை என்பது பேணுதற்கு ஒரு காரணமாகலாம். இரங்குதற்கு அதுவே நிபந்தனையாதல் தகாது.

பயனைப் பற்றியும் இவ்வாறே கூறவேண்டும். 1999 இல் பன்றிகளைப் பிடித்தோர் நீரிழிவு மருத்துவத்தை எண்ணிப் பிடித்தாரல்லர். அழியவிருந்த ஒன்றைக் காக்கவேண்டும் என்னும் எண்ணமே அவர்களை இயக்கிற்று. பயன் பின்னர் வந்தது. பயனை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருப்பின் அப்பன்றிகள் மீட்கப்பட்டேயிரா, பயனும் கிட்டியிராது. பயன் கருதாத செயலிலிருந்தே அப்பயன் பிறந்தது என்பது பயன்வாதிகள் சிந்திக்கவேண்டியதொன்று. அதே வேளையில், பயன் கிட்டியபின் காத்தலின் இயல்பே மாறிவிடுகிறது என்பதும் மறைக்கத்தக்கதன்று. தீவின் மழையில் சேற்றைக் கிளறித் திரிந்த பன்றியின் வழித்தோன்றல், தூய்மையாக்கப்பட்ட அடைப்புக்குள் பிறந்து, சில நாளில் தன் சதையியின் பொருட்டுக் கொல்லப்படுகிறது. இனம் பிழைத்தது, எவ்வாறு பிழைத்தது என்பதே வினா. இன்சுலினுக்காக வாழ்நாள் முழுவதும் ஊசியை நம்பியிருக்கும் ஒரு குழந்தையின் துன்பமும் உண்மையே; அதனைத் தீர்க்கும் முயற்சி இழிந்ததன்று. ஆயினும் காப்பாற்றினோம் என்னும் சொல், காக்கப்பட்டதன் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என எண்ணிப்பார்த்தல் நேர்மையாகும்.

கொண்டுவிட்டவனின் கடன்

அருமையும் பயனும் போதிய அடிப்படைகளல்ல எனின், வேறு எதன்மேல் இக்கடப்பாடு நிற்கின்றது? பொறுப்பு என்பதன்மேல் என விடையிறுக்கலாம். ஓக்லாந்துத் தீவுப் பன்றி தானாக நீந்தி அங்கு செல்லவில்லை. மனிதன் தன் தேவைக்காக அதனைக் கொண்டுவிட்டான். அதன் உடலை அவன் முதலில் தொழுவத்தில் மாற்றினான். பின்னர் தீவின் கையில் ஒப்படைத்தான். அதன் இருப்பும் அதனால் விளைந்த கேடும் ஆகிய இரண்டும் அவன் செயலின் பயன்கள். ஆகவே பன்றிக்கும் அவன் கடமைப்பட்டவன். பறவைக்கும் பூண்டுக்கும் அவன் கடமைப்பட்டவன். ஒன்றின் கடனை மற்றொன்றின் கணக்கில் எழுதித் தீர்க்க இயலாது.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். 1807 இல் பன்றியை விட்டவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. அவர் செயலும் நல்லெண்ணத்தால் நிகழ்ந்தது. இன்றுள்ளோர் அதற்கு எவ்வாறு பொறுப்பாளராவர்? இத்தடைக்கு விடை உண்டு. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. பிறர் செய்த குற்றம் பின்வந்தோர்மேற் சாராது. ஆனால் தந்தை வைத்த சொத்தை ஏற்கும் மகன் அவர் பட்ட கடனையும் ஏற்கின்றான். அத்தீவைத் தமதென ஆளும் உரிமையையும் அதன் புகழையும் ஏற்றுக்கொண்ட சமுதாயம், அங்கு விடப்பட்ட உயிர்களின் சுமையை மட்டும் ஏற்க மறுத்தல் முறையன்று. மேலும், செயல் நல்லெண்ணத்தால் நிகழ்ந்தது என்பது கடனை நீக்குவதில்லை. நல்லெண்ணத்தோடு பிறர் நிலத்தில் நட்ட மரம் அயலான் வீட்டில் விழுமாயின், நட்டவனின் குடும்பம் அதனைப் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது.

பொறுப்பு என்னும் இவ்வடிப்படையிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். முதலாவது, தீவிலிருந்து பன்றியை அகற்றுதல் அறத்துக்கு முற்றிலும் முரணானது எனக் கூறமுடியாது. பறவையும் பூண்டும் வேறிடம் செல்லமாட்டா. பன்றியோ வேறிடத்திலும் வாழவல்லது. எட்டாத தீவில் எல்லாப் பன்றிகளையும் உயிரோடு பிடித்தல் இயலாத காரியம் எனின், கொல்லுதலே எஞ்சிய வழியாகலாம். ஆனால் அது நிகழும்போது தண்டனையின் மொழியில் பேசுதல் பொருந்தாது. கேடு, பீடை, படையெடுப்பு முதலிய சொற்கள் பன்றியைக் குற்றவாளியாக்குகின்றன. அதனால் கொல்வோனின் நெஞ்சு இலேசாகின்றது. அந்நெஞ்சு இலேசாதல் கூடாது. இரண்டாவது, செய்யப்படும் செயல் இயன்றவரை விரைந்தும் நோவு குறைந்தும் முற்றாகவும் செய்யப்படவேண்டும். அரைகுறையாகச் செய்து நிறுத்துவதால் எஞ்சியவை மீண்டும் பெருகி மீண்டும் கொல்லப்படும். அது ஒருமுறை தேவைப்பட்ட துன்பத்தைப் பன்முறை விளைப்பதாகும். மூன்றாவது, தலைநிலத்திற் காக்கப்படும் இனம் உறைந்த கலமாகவும் ஆய்வுகூட எண்ணாகவும் மட்டும் காக்கப்படுதல் போதாது. கிளறவும் அலையவும் கூட்டமாக வாழவும் இடங்கொடுக்கப்பட்ட சில பன்றிகளேனும் இருத்தல் வேண்டும். ஏனெனில் தீவு செதுக்கியது உடலை மட்டுமன்று, வாழும் முறையையும் ஆகும். நான்காவது, இனி எந்தத் தீவிலும் எந்த உயிரையும் ஒரு தேவைக்காக விடுமுன், தேவை தீர்ந்தபின் அவ்வுயிருக்கு யார் பொறுப்பு என்னும் வினா எழுப்பப்படவேண்டும். இவ்வினாவை எழுப்பாத நல்லெண்ணம் பாதி நல்லெண்ணமே.

இம்முடிவுகள் சிக்கலை முற்றாக அவிழ்ப்பனவல்ல. தீவைக் காப்பவன் கையில் குருதி படும். பன்றியைக் காப்பவன் கண்முன்னே குஞ்சு மாளும். நோயாளியைக் காப்பவன் அடைப்புக்குள் ஒரு குட்டியைக் கொல்வான். களங்கமற்ற வழி ஒன்று உண்டு எனக் கூறுவோர் இம்மூன்றுள் ஏதேனும் ஒன்றைக் காணாது விட்டவராவர். அறம் என்பது எஞ்ஞான்றும் நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்வதாக அமைவதில்லை. சிலவேளைகளில் பல கடன்களுள் எதனை முதலில் தீர்ப்பது, தீர்க்க இயலாததை எவ்வாறு மறவாதிருப்பது என்பதாக அது அமைகின்றது.

ஓர் இனம் அருகிவிட்டது என்பதனால் அது மதிப்புப் பெறுவதில்லை. மதிக்கப்படாமையினாலேயே பெரும்பாலான இனங்கள் அருகுகின்றன. ஓக்லாந்துத் தீவுப் பன்றிகளுள் மீட்கப்பட்ட பதினேழின்மேல் விழுந்த கண், தீவில் திரிந்த ஏனையவற்றின்மேலும் விழுந்திருக்கவேண்டிய கண். தான் கொண்டுவிட்ட உயிரை, அது தனக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும், மலிந்திருந்தாலும் அருகியிருந்தாலும், தன் கணக்கில் வைத்து எண்ணும் மனிதனே அவ்வுயிரைக் காக்கவும், தவிர்க்கவியலாதவிடத்து அகற்றவும் தகுதியுடையவன் எனலாம்.